பதினேழின் முறை

3 மார்ச் 2005, வியாழன்

அப்பாவின் எடை நாற்பத்து நான்கு கிலோ. போன மாதம் நாற்பத்தெட்டு. எடை பார்க்கும் இயந்திரம் பழுதோ என்று நானே ஏறிப் பார்த்தேன். அது நன்றாகத்தான் இருக்கிறது. என் எடையை எழுத மாட்டேன்.

மதியம் கோழி டெபல் வைத்தேன். கிறிஸ்துமஸுக்கு மட்டும் எங்கள் யூரேசியக் குடும்பங்களில் வைக்கிற காரக் கறி; கடுகும் வினிகரும் மாடிப்படி வரை மணத்தது. சோற்றைக் குவித்து, மேலே இரண்டு துண்டு கோழி வைத்துக் கொடுத்தேன். அப்பா தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என் முறை இல்ல."

என்ன முறை? எந்த முறை? முப்பத்தொரு வருடம் தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டவள் நான். ஒரே வீட்டில் இருக்கிற மனிதரோடு எனக்கு இணைப்புக் கிடைக்கவில்லை.

5 மார்ச், சனி

பெர்த்திலிருந்து தம்பி ட்ரெவர் கூப்பிட்டான். கடல் தாண்டிப் போனவர்களுக்கு யோசனை மட்டும் குறையாமல் வருகிறது.

"அன்னிக்கே சொன்னேன்ல, அவரை அங்க கூட்டிப் போகாதேன்னு? அறுபது வருஷமா அந்தப் பக்கமே போகாத மனுஷன். நீ பெரிய ஆளாட்டம் கோட்டு மாட்டி, மெடல் குத்தி இழுத்துட்டுப் போனே."

போனேன். உண்மைதான். பிப்ரவரி பதினைந்து, சிங்கப்பூர் விழுந்த நாள். சாங்கியில் போர்க்கைதிகள் அருங்காட்சியகத்தை ஒட்டிய சிற்றாலயத்தில் பூசை வைத்தார்கள். மிச்சமிருப்பது நாலைந்து கிழவர்கள். அவர்களில் அப்பாவும் ஒருவர். இருபத்திரண்டு வயதில் வெள்ளைக்காரனின் தொண்டர் படையில் சிப்பாயாக இருந்து பிடிபட்டு மூன்றரை வருடம் ஜப்பான்காரனிடம் கைதியாக இருந்தவர். எண்பத்தைந்து வயது அப்பாவைப் பார்த்து மகள் ஒருநாள் பெருமைப்பட்டால் என்ன என்று நினைத்தேன். திரும்பி வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கு முன்பே ஞாபகம் தடுமாறிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான். ட்ரெவரிடம் இதைச் சொல்லவில்லை. "உனக்கு அவ்வளவு அக்கறைன்னா அடுத்த விமானத்துல வா"ன்னு கத்திவிட்டு வைத்துவிட்டேன்.

8 மார்ச், செவ்வாய்

டாக்டர் கோ நல்ல மனிதர். அதனால்தான் அவர் சொன்னது இன்னும் பயமாக இருக்கிறது.

"ஏப்ரல் நாலாம் தேதி மறுபடி பார்ப்போம். நாற்பதுக்குக் கீழ போயிருந்தா மூக்கு வழியா குழாய்தான். வேற வழி இல்லம்மா."

"பிடுங்கிப் போட்டுருவாரு, டாக்டர்."

"எல்லாரும் பிடுங்குவாங்க. கையைக் கட்டி வெப்போம். மெத்துனு துணிதான், வலிக்காது."

கையைக் கட்டி.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் இருந்த கண் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா தெரியாது. அவருடைய இரண்டு மணிக்கட்டிலும் பழைய தழும்பு உண்டு. சின்ன வயதில் நான் கேட்டபோது, 'வாட்ச் இறுக்கமா போயிடுச்சு' என்று சொன்னார். இரண்டு கையிலுமா வாட்ச் கட்டுவார்கள்? அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இருபத்தேழு நாள்.

10 மார்ச், வியாழன்

ரவை போட்ட சூஜி கேக், மாவுக்குள் கோழி வைத்துச் சுட்ட 'பை', பன்றி நெஞ்சுக்கறி. மூன்றும் குப்பைக்குப் போயிற்று. அழுதுகொண்டே பாத்திரம் தேய்த்தேன்.

13 மார்ச், ஞாயிறு

அன்று அங்கே அவர் எதைப் பார்த்தார் என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டம்மாவை அப்பாவுக்குத் துணை வைத்துவிட்டு இரண்டாம் எண் பேருந்து பிடித்துத் தனியாகச் சாங்கிக்குப் போனேன்.

வெள்ளைக்கார வயோதிகர்கள் ஒரு பேருந்து நிறைய வந்திறங்கியிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் மரச்செருப்பு, ஸ்பூன், பற்கள் தேய்ந்த சீப்பு. ஒரு எனாமல் குவளை. அப்பா அன்று அதன் முன்னால்தான் ரொம்ப நேரம் நின்றார். நான் பின்னால் நின்று படம் எடுத்தேன். வெட்கக்கேடு.

ரோஹானா என்று ஒரு மலாய்ப் பெண் அங்கே வழிகாட்டியாக இருக்கிறாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "அக்கா, உங்க அப்பா எப்படி இருக்காரு? கோட்டுல ஜம்முனு வந்தாரே" என்றாள். நான் உடைந்துவிட்டேன். அந்நியப் பெண்ணிடம், சுற்றுலாப் பயணிகள் நடுவில், எல்லாவற்றையும் கொட்டினேன். முறை இல்லை, முறை இல்லை என்கிறார் என்று சொன்னபோது அவள் என் கையைப் பிடித்தாள்.

"அன்னிக்குப் பூசை முடிஞ்சு நான்தான் பிஸ்கட் தட்டு நீட்டினேன். ஒண்ணு எடுத்துக்கிட்டாரு. இன்னொண்ணு எடுத்துக்குங்கன்னேன். 'எந்த நம்பர் ஓடுது?'ன்னு கேட்டாரு. ஜோக்கடிக்கிறாருன்னு சிரிச்சேன். அக்கா, அது லாகி!"

லாகி. மலாயில் 'இன்னும்'. எனக்குத் தெரிந்த சொல்தான். சந்தையில் நூறு தரம் சொல்லியிருக்கிறேன். முகாமில் அது வேறு. எல்லோருக்கும் ஒரு குவளைச் சோறு, தட்டைக் குச்சியால் தலை தட்டி. அளந்தது போக அண்டாவில் ஏதாவது மிஞ்சினால் அதுதான் லாகி. அதற்கு ஒரு நம்பர் வரிசை. இன்று பத்து வரை வந்தால் நாளை பதினொன்றிலிருந்து. ஒருத்தன் முறையை இன்னொருத்தன் தொடக்கூடாது. "எதை வேணா திருடுவாங்களாம், ஜப்பான்காரன் கிட்டேர்ந்து. லாகியில கை வெச்சவனோட மட்டும் யாரும் பேச மாட்டாங்களாம். இங்க வர்ற பெரியவங்க சொல்லுவாங்க" என்றாள் ரோஹானா.

சிற்றாலயத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். கூரைக்குக் கீழே நாலா பக்கமும் திறந்திருந்தது, வெயில். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அங்கேதான் எனக்கு உறைத்தது. அவர் சாப்பிடவில்லை என்று நான் குவித்தேன். குவித்ததெல்லாம் அளவுக்கு மேலே. அளவுக்கு மேலே இருப்பது லாகி. லாகி என்றால் வரிசை. நான் ஒரு கரண்டி கூட்டக் கூட்ட அவர் ஒரு வாய் குறைத்திருக்கிறார்.

ஐயோ, நானேதான் பட்டினி போட்டிருக்கேன்.

15 மார்ச், செவ்வாய்

எனாமல் குவளை வாங்கினேன். வெறும் சோறு, கொஞ்சம் கீரைத் தண்ணீர். மரக்கரண்டிக் காம்பால் அவர் கண் முன்னாலேயே தலை தட்டினேன்.

சாப்பிட்டார்! ஒரு பருக்கை விடாமல். விரலால் குவளையின் அடியை வழித்து நக்கினார். நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன், என் முகத்தை அவர் பார்க்கவேண்டாம் என்று.

18 மார்ச், வெள்ளி

காலை ஒரு குவளை, மாலை ஒரு குவளை. அதற்கு மேல் ஒரு ஸ்பூன் கிடையாது. முட்டையை மசித்துச் சோற்றுக்குள் ஒளித்துப் பார்த்தேன். பொறுக்கி எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டார். எடை நாற்பத்து இரண்டு. கைதிக்கு அளந்த சோற்றில் கைதியின் உடம்புதானே இருக்கும்?

இன்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, சமையற்கூடத்து ஆள் மாதிரி, கரண்டியோடு நின்று கேட்டேன். "லாகி இருக்கு. எந்த நம்பர்?"

"பதினேழு."

"உங்க நம்பர்?"

"பதினெட்டு. பதினேழு இன்னும் வாங்கல. அவன் வாங்காம நான் வாங்கக் கூடாது."

"பதினேழு யாரு?"

அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். நாளைக்கே இதை நான் நம்பாமல் போய்விடலாம்.

"ஆப்ரி மின்ஜூட். ஆஸ்பத்திரிக் குடிசையில கிடந்தான், கால் வீங்கி. படுத்துக்கிடக்கிறவன் முறை வந்தா கூட்டாளி வாங்கிட்டுப் போய்க் கொடுக்கணும். நான்தான் கூட்டாளி. வாங்கினேன். குடிசைக்குப் பின்னாடி நின்னு தின்னுட்டேன். நாலு நாள் கழிச்சு மறுபடியும் வந்துச்சு. மறுபடியும் தின்னேன். 'என் முறை வந்துச்சா பாசில்?'னு கேட்டான். 'பதினாலுல நிக்குதுடா'ன்னு சொன்னேன்."

பிறகு, என்னைப் பார்த்து, மரியாதையாக: "பதினாலுல நிக்கல, சார்."

எங்கள் அப்பா. ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்கியவர். பேருந்து நடத்துனர் சில்லறை அதிகம் கொடுத்துவிட்டார் என்று கடைசி நிறுத்தம் வரை திரும்பிப் போனவர்.

19 மார்ச், சனி

இன்று நான் செய்தது முட்டாள்தனம். எழுதித் தொலைக்கிறேன்.

அவர் எதிரில் உட்கார்ந்து, ஒரு கிண்ணத்தில் சோறு போட்டுக்கொண்டு, "நான்தான் பதினேழு. என் லாகியை வாங்கிட்டேன். அடுத்தது நீங்க" என்று சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தேன். கெட்டிக்காரி!

அப்பா எழுந்து நின்றார். ஒரு மாதமாக யாரும் பிடிக்காமல் எழுந்திருக்காதவர். "திருடறியா? அவன் பங்கைத் திருடறியா நீ?" குவளை என் காதோரம் போய்ச் சுவரில் பட்டது. "அவன் எனக்குச் சிநேகிதன்! அவன் பங்கை எவனும் தொடக்கூடாது!" என்று கத்திக்கொண்டே, மூச்சு வாங்கி, நாற்காலியில் சரிந்தார். மாலைக் குவளையும் வேண்டாம் என்றுவிட்டார்.

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், செத்துப்போகட்டுமே என்று நினைத்தேன். அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆண்டவரே, இதை நீர் படிக்கவேண்டாம்.

20 மார்ச், குருத்து ஞாயிறு

ரோஹானா பதிவேட்டில் தேடிக் கொடுத்தாள். ஆப்ரி மின்ஜூட், தொண்டர் படை, நவம்பர் 1944, முகாம் மருத்துவமனை. வயது இருபத்து மூன்று. அவ்வளவுதான், ஒரு வரி.

"ஆளை எழுப்பவா முடியும்? சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களான்னு பாருங்க அக்கா" என்று சிற்றாலயத்துப் பலகையைக் காட்டினாள். வருகிறவர்கள் எல்லாம் சிறு அட்டையில் எழுதி ஊசியால் குத்திவிட்டுப் போவார்கள். 'மறக்க மாட்டோம் தாத்தா.' 'ஜாக், பேரன் பிறந்திருக்கிறான், உன் பெயர்தான்.' அவற்றுக்கு நடுவில் நான் எழுதிய அட்டை வேலைவாய்ப்பு விளம்பரம் போல இருந்தது. 'ஆப்ரி மின்ஜூட்டின் உறவினர்கள் தயவுசெய்து உடனே பேசவும். நோரின் லாசரூ.' கீழே தொலைபேசி எண்.

யார் பார்க்கப்போகிறார்கள்.

23 மார்ச், புதன்

தொலைபேசி. எடுத்த எடுப்பில்: "யாரடி நீ, எங்க அண்ணன் பேரைப் போர்டுல குத்தி வெச்சிருக்கறவ?"

ஈனிட் மின்ஜூட். எண்பது வயது. கல்யாணம் ஆகவில்லை, காது சரியாகக் கேட்காது, பேருந்திலேயே எங்கும் போய்வருகிறார். மாதத்தில் ஒரு புதன்கிழமை சாங்கிக்குப் போய் அண்ணனுக்கு அட்டை குத்துவாராம்.

எங்கள் அப்பா உங்கள் அண்ணனின் சிநேகிதர், உங்களைப் பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று மட்டும் சொன்னேன். பாதி உண்மை. நாளை வருகிறார்.

சொல்லிவிடவா? சொல்லாமல் நைச்சியமாகச் சாப்பிட வைத்துவிடவா? 'ஆன்டி, ஒரு வாய் சாப்பிடுங்க' என்றால் தெரியவா போகிறது?

24 மார்ச், பெரிய வியாழன்

தெரிந்துவிட்டது.

ஈனிட் ஆன்டி வந்தார். சாயம் பூசின கருகரு முடி, கையில் பூப்போட்ட குடை. மழை இல்லை. "மழைக்கு இல்ல, நாய்க்கு" என்றார். தேநீர் குடித்தார், என் கேக்கில் வெண்ணெய் குறைவு என்றார். எனக்குப் பிடித்துவிட்டது. சொல்லவேண்டாம், சோற்றை மட்டும் வைத்துவிடலாம் என்று முடிவுகட்டி அப்பாவின் அறைக்கு அழைத்துப் போனேன்.

"நான் ஈனிட். ஆப்ரியோட தங்கச்சி."

அப்பா அவரை நெடுநேரம் பார்த்தார். எனக்கு வேலை வைக்காமல் அவரே சொல்லிவிட்டார். குடிசைக்குப் பின்னால், இரண்டு தடவை, பதினான்கில் நிற்கிறது என்ற பொய். எல்லாம். காது கேட்காதவருக்குக் கேட்கும்படி சத்தமாக.

ஈனிட் ஆன்டி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். என்னிடம் திரும்பினார்.

"எங்கம்மா சாகற வரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. 'அவன் பசியோட போனானா ஈனிட்?' இல்லம்மா, அவனுக்குச் சிநேகிதங்க இருந்தாங்க, பார்த்துக்கிட்டாங்கன்னு சொல்லிச் சொல்லியே அவளைப் புதைச்சேன்." கட்டில் கம்பியில் ஓங்கித் தட்டினார். "பார்த்துக்கிட்டாங்க!"

போய்விட்டார். குடை நாற்காலியில் தொங்குகிறது.

25 மார்ச், பெரிய வெள்ளி

ஊரெல்லாம் இன்று உபவாசம். எங்கள் வீட்டில் தினமும் பெரிய வெள்ளிதான். நாற்பதரை கிலோ.

ட்ரெவர் கூப்பிட்டான். குழாய் போட ஒத்துக்கொள், பிடிவாதம் பிடிக்காதே என்றான். சரி என்று சொன்னேன். அவன் ஆச்சரியப்பட்டுப் போனான். சண்டைக்குக் கூட எனக்குத் தெம்பில்லை.

27 மார்ச், உயிர்ப்பு ஞாயிறு

காலைப் பூசைக்குப் போகவில்லை. பத்து மணிக்குக் கதவு தட்டல். கோயில் உடுப்போடு ஈனிட் ஆன்டி.

"குடையை எடுக்க வந்தேன்."

எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். போகவில்லை.

"சாப்பிட மாட்டேங்கறானாமே? அந்த மலாய்ப் பொண்ணு சொன்னா. நேத்து அங்க போயிருந்தேன்." அவராகவே உள்ளே வந்து மேசையில் உட்கார்ந்தார். "பதினேழோட பங்கு எங்க? கொண்டா."

"ஆன்டி, நீங்க வேணும்னு..."

"கொண்டாங்கறேன். செத்தவன் பங்கு கூடப் பிறந்தவளுக்குத்தான். இல்ல, அதுக்கும் உங்க வீட்டுல வேற சட்டமா?"

அப்பாவை நாற்காலியோடு எதிரில் கொண்டுவந்து உட்காரவைத்தேன். நேற்றைய குழம்பு இருந்தது, சூடாக்கினேன். ஒரு குவளைச் சோறு. கரண்டிக் காம்பை எடுத்தேன்.

"தலை தட்டாதே. லாகிக்குத் தலை தட்டறது உண்டா?" என்றார் அப்பா. என்னிடம் அல்ல, அண்டாவின் பக்கத்தில் நிற்கிற எவனிடமோ.

ஈனிட் ஆன்டி சாப்பிட்டார். மெதுவாக. பொய்ப்பல், ஒவ்வொரு வாய்க்கும் நேரம் பிடித்தது. கண்ணீர் வழிந்து சோற்றில் விழுந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. அப்பா ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார், வாயைத் திறந்து, குழந்தை மாதிரி. கடைசிப் பருக்கையும் போனதும் ஆன்டி குவளையைக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

"ஒண்ணு. இன்னொரு தடவையும் தின்னியே, அதையும் போடும்மா."

இரண்டாவது குவளை. எண்பது வயது வயிறு. பாதியில் நிறுத்திவிடுவாரோ என்று நான் செபமாலையைத் தேடினேன். நிறுத்தவில்லை.

"பதினேழு வாங்கியாச்சு, ரெண்டு தடவையும்" என்றார் ஈனிட் ஆன்டி. "கேட்டுக்க பாசில். நான் உன்னை மன்னிக்கல. அவன் பங்கைச் சாப்பிட்டேன், அவ்வளவுதான்."

அப்பா தலையாட்டினார். நியாயம்தான் என்பது போல. பிறகு தன் குவளையை இரண்டு கையாலும் என் பக்கம் நீட்டினார்.

"பதினெட்டு, சார்."

4 ஏப்ரல், திங்கள்

நாற்பத்தொன்றே கால். டாக்டர் கோ குழாயைப் பற்றி வாயே திறக்கவில்லை. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். சோறு என்றேன்.

11 ஜூன், சனி

சனிக்கிழமைகளில் ஈனிட் ஆன்டி வருகிறார். அப்பாவோடு பேசுவதில்லை. எதிரில் உட்கார்ந்து முதலில் சாப்பிட்டுவிட்டு, "ம், ஆச்சு" என்பார். என் டெபலில் வினிகர் அதிகமாம். நாற்பத்தாறு கிலோ.

19 செப்டம்பர், திங்கள்

அப்பா இன்று காலை போய்விட்டார். நெஞ்சடைப்பு. கையில் எந்தக் கட்டும் இல்லை. கஞ்சியைக் குடித்து முடித்து, குவளையை நீட்டி, நான் திரும்ப ஊற்றிக் கொண்டுவருவதற்குள்.

ட்ரெவர் வருகிறான். ஈனிட் ஆன்டிக்குச் சொன்னேன். எப்போது, எப்படி என்று கேட்டுக்கொண்டார். அப்புறம், "சாப்பிட்டானா?" என்றார்.

"சாப்பிட்டாரு ஆன்டி."

"சரி" என்று வைத்துவிட்டார். அடக்கத்துக்கு வரவில்லை.

2 நவம்பர், புதன், கல்லறைத் திருநாள்

சாங்கிக்குப் போனேன். என் அட்டையை எடுத்துவிடலாம் என்று. இன்னும் என் தொலைபேசி எண்ணோடு அங்கேயே இருந்தது, மழைச் சாரலில் மை கரைந்து.

அதன் பக்கத்தில் ஈனிட் ஆன்டியின் கையெழுத்து. எனக்கு முன்னால் வந்து போயிருக்கிறார். ஒவ்வொரு மாதமும் அவர் எழுதுவது ஒன்றேதான்: 'ஆப்ரி மின்ஜூட். தங்கை ஈனிட்.' ரோஹானா சொல்லியிருக்கிறாள், எத்தனையோ வருடமாக ஒரு சொல் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை என்று.

இன்றைய அட்டையில் கீழே இன்னொரு வரி இருந்தது.

'உனக்குப் பின்னால் பாசில் வந்து நிற்கிறான். அவனுக்கும் கொஞ்சம் வை.'

பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு என் அட்டையை எடுத்துக்கொண்டு, ஊசியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். சனிக்கிழமைக்குக் கோழி வாங்கவேண்டும்.